புளிமூட்டைக்கு வைத்த பெயர்

கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்தி நின்றது, இன்னும் ஒரு முறைகூடப் பறக்காத அந்த ரகசியப் போர் விமானம். வாசல் பலகையில் அதன் சங்கேதப் பெயர் எழுதியிருந்தது: 'புளிமூட்டை'.

"என்னைப் பார்த்தா புளிமூட்டை மாதிரியா இருக்கு?" என்று அது தினமும் மூக்கைச் சிந்தும்.

அங்கிருந்த பெயிண்ட் பிரஷுக்கோ ஒரே குஷி. யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக் காட்டும் குறும்பு அது. பெரிய அதிகாரியைப் போலக் கனைத்துக்கொண்டு, "பேருக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாதுய்யா! அதான் ரூல்!" என்றது. பிறகு தன் குரலில், "ரூல் கிடக்குது, விடு. உனக்கு நான் வைக்கிறேன்டா பேரு," என்றது.

வேலையாட்கள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியது: 'ரேடாரில் சிக்காத வல்லூறு'.

அவர்கள் திரும்பி வருவதற்குள், வேலிக்கு வெளியே எவனோ பலகையைப் படம் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

"ரகசியமே பலகையில வந்தாச்சு. எதிராளி இனி உஷாராயிடுவான். விமானத்தைப் பிரிச்சுப் போடுங்க," என்றார் அதிகாரி. அந்தக் குரலைப் பேசிப் பார்க்க பிரஷுக்கு வாய் வரவில்லை.

இறக்கையைக் கழற்றும்போது விமானம் மெல்லக் கூப்பிட்டது.

"அண்ணே, ஒரு மத்தியானமாவது எனக்கேத்த பேரோட இருந்தேன். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

பெயிண்ட் டப்பாவுக்குள் தலையை முக்கிக்கொண்ட பிரஷ், யாராவது மூடியைப் போட்டுவிட மாட்டார்களா என்று கிடந்தது.