நாற்பதாவது பேர்

"எந்திரிக்காதீக அக்கா, நான் இப்படியே உக்காந்துக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே இன்பராஜ் வாத்தியார் கருப்பம்மாள் வீட்டு வாசலில் சம்மணம் போட்டார். போன வாரம்வரை அவருக்கு அவள் "ஏய், இந்தாம்மா"தான். இன்றைக்கு அக்கா!

காரணம் இல்லாமலா? அவருடைய மிஷன் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் முப்பத்தொன்பது பிள்ளைகள். நாற்பது ஆகாவிட்டால் இரண்டாவது டீச்சர் வேலை போய்விடும். அந்த இரண்டாவது டீச்சர் அவர் பெண்சாதி ஜெபராணி.

பள்ளிக்கூடத்தில் பேர் இல்லாத பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அபராதம் என்று ஏழாயிரம்பண்ணையில் தண்டோரா போட்டிருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்பது மட்டும் பெற்றவர்கள் இஷ்டம். ஊரில் பேர் பதியாமல் மிச்சமிருந்தது கருப்பம்மாளின் ஒன்பது வயசு மகள் குருவம்மாள் ஒருத்திதான்.

"மத்தியானம் சோறு உண்டு. சிலேட்டு நான் வாங்கித் தாரேன். எங்க ஜெபத்துக்குப் பிள்ளை வர வேண்டாம், வெளிய நின்னாப் போதும்."

கருப்பம்மாள் கம்பு புடைத்தபடியே கேட்டாள். "பிள்ளை ஒருநா வராட்டி என்ன செய்வீக சார்?"

இன்பராஜுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இப்படிக் கேட்கிற தாய் இந்தத் தெருவிலே உண்டா?

"மணி அடிச்ச கால் மணி நேரத்துல உங்க வாசல்ல நிப்பேன். பிள்ளை எங்கன இருந்தாலும் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்ல!"

சுவரோரம் குருவம்மாள் தலை நிமிராமல் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். "அடேயப்பா, கை என்ன வேகம்! எழுத்து முத்து முத்தா வரும், பாருங்க" என்றார் வாத்தியார்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"மேலத்தெருப் பள்ளிக்கூடத்து சுந்தரபாண்டியும் வந்திருப்பானே?"

"வந்தாக."

"அதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா? சத்திரம்! பத்து மணிக்கு வந்து நாற்காலியில சாஞ்சான்னா சாயங்காலம்வரை குறட்டைதான். வராத பிள்ளைக்கும் வந்ததாப் பதிஞ்சிருவான். வருசம் பூரா ஒரு பிள்ளை அந்தப் பக்கமே எட்டிப் பாக்காட்டியும் கண்டுக்கிட மாட்டான்."

கருப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "மெய்யாவா சார்?"

"வேதப்புத்தகத்து மேல அடிச்சுச் சொல்லுதேன்!"

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்குப் பரம திருப்தி. சுந்தரபாண்டியின் சீட்டைக் கிழித்தாயிற்று. வீட்டுக்குப் போனதும் போகாததுமாக, "நாப்பது ஆயிருச்சு ஜெபராணி, ஒன் வேலைக்கு இனி ஒரு குறையும் இல்ல" என்று சொல்லி, கறி எடுத்துவரவும் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை பொழுது விடிந்ததும் விடியாததுமாகப் புது சிலேட்டோடு புறப்பட்டார். சுந்தரபாண்டி முந்திக்கொண்டால் என்ன செய்வது? ரோட்டு முக்கிலேயே கருப்பம்மாள் மகளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சனிக்கிழமையே மேலத்தெருவுல சேத்துட்டேன் சார்."

ஜெபராணியின் வேலை போச்சே! ஒரு நொடியில் அக்காவும் போனாள், மரியாதையும் போனது.

"ஏய், ஒனக்குப் புத்தி இருக்கா? அம்புட்டுச் சொல்லியும் அந்தத் தூங்குமூஞ்சிகிட்டயா சேத்த? எங்க சிலுவையப் பாத்துப் பயந்துட்டியாக்கும்?"

"சாமியில என்ன சார் இருக்கு. எல்லாம் ஒண்ணுதான்."

"பெறகு என்ன கேடு? படிக்காத சனங்ககிட்ட இஷ்டத்தைக் குடுத்தா இப்படித்தான்! பிள்ளை நல்லாருக்கணும்னு உங்களுக்கு எங்க தோணப் போவுது!"

அவள் பதில் சொல்லுமுன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே ஏழெட்டுப் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தன. தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கியபடி குருவம்மாளும் ஏறிக்கொண்டாள்.

வேன் போகிற திசையைப் பார்த்தபடி வாத்தியார் சிலேட்டோடு நின்றார். கருப்பம்மாள் அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அதில் கேலி துளிக்கூட இல்லை.

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்கு எப்படி சார் தெரியும்?"