நாலு ஸ்கொயர் ஒயர்

"பின்னாடி ரூம்ல என்னென்ன ஓடும்? அதச் சொன்னாத்தான் ஒயர் சொல்ல முடியும்."

எலக்ட்ரீஷியன் கேட்டது பொதுவாகத்தான்.

"ஒரு பல்பு, ஒரு ஃபேன். அவ்ளோதான்," என்றார் வீட்டுக்காரர்.

"கரண்ட் அடுப்பு, ஹீட்டர், சின்னதா ஒரு ஃப்ரிட்ஜ்," என்றார் அவர் மனைவி.

இரண்டு பதில்களும் எலக்ட்ரீஷியனிடமே வந்து சேர்ந்தன. கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குச் சண்டை போட முகம் தேவைப்படுவதில்லை. நடுவில் நிற்பவனுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

பல்பும் ஃபேனும் மட்டும் என்றால் ஒன்றரை ஸ்கொயர் ஒயர் போதும். மெல்லிய பைப்பைச் சுவரோரமாகக் கிளிப்பில் மாட்டி, சாப்பாட்டு நேரத்துக்குள் கிளம்பிவிடலாம். அடுப்பு என்றால் கதை வேறு. நாலு ஸ்கொயர் தடி ஒயர், கனமான பைப், கொல்லையின் குறுக்கே அந்த அறை வரைக்கும் ரெண்டடிப் பள்ளம்.

"ஒன்றரையே போடுப்பா. நாளைக்கு வேண்டாம்னா கழட்டிடலாம் பாரு. சமையல், குளியல் எல்லாம் வீட்டுக்குள்ளயே வச்சுக்கலாம்."

"ஒன்றரைல அடுப்பு போட்டா என்னாகும் தம்பி?"

"ஒயர் உருகிடும்க்கா."

"சார்கிட்ட சொல்லுங்க."

சொன்னான். சார் ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த மெல்லிசு பைப்பு?"

"வெயில்ல கெடந்தா பிஸ்கட் மாதிரி நொறுங்கிடும். கனமானத மண்ணுக்குள்ள போட்டா நம்ம காலத்துக்கும் அசையாதுக்கா."

"அதான் வேணும்."

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று எலக்ட்ரீஷியன் முடிவுகட்டியிருந்தான். ஒயரில் கை இறுக்கும் வீட்டுக்காரர்களை அவன் நிறையப் பார்த்தவன். குடிவரப்போகும் அந்த ஜீவனுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டு, ஒரு வார்த்தை சொல்லியும் வைத்தான்.

"நல்ல ஒயரா போட்டுட்டா வர்றவங்க நிம்மதியா இருப்பாங்க சார். உங்களத் தொந்தரவு பண்ணவே மாட்டாங்க."

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

மிச்சம் ஒரே ஒரு கேள்விதான். அந்த அறைக்கான மெயின் சுவிட்ச் எங்கே வரவேண்டும்? வீட்டுக்குள்ளா, அறையிலேயா?

"வீட்டுக்குள்ள," என்றார் வீட்டுக்காரர், கேள்வி முடிவதற்குள்.

"அந்த ரூம்லயே வைங்க தம்பி," என்றார் மனைவி. "என் கட்டிலுக்குப் பக்கத்துல."

காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்த எலக்ட்ரீஷியன், எதையும் குறிக்காமல் அதைத் திரும்பச் செருகிக்கொண்டான்.

வீட்டுக்காரர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். பிறகு முதல் தடவையாக மனைவி பக்கம் திரும்பினார்.

"காபியாவது உள்ள வந்து குடிப்பியா?"

சுவரில் சாய்ந்திருந்த கடப்பாரையை எடுத்து, மனைவி எலக்ட்ரீஷியனிடம் நீட்டினார்.