நாலு கேள்வி

"வேலையை விட்டுட்டியா? நாற்பத்தெட்டு வயசுல, ஊருக்கு வாழ வழி சொல்ற லைஃப் கோச் ஆகப்போறியா? புத்தி கெட்டுப் போச்சா?" டென்வர் வீட்டுச் சமையலறையே அதிரும்படி கணவன் வாரனிடம் கத்தினாள் கிளெண்டா.

"ஆன்லைன் வகுப்புல ஒரு லேடி கோச் சொன்னாங்க, துணிஞ்சு விட்டுடுன்னு."

"நம்ம இன்சூரன்ஸே உன் கம்பெனி குடுக்கறதுதானே! என் முழங்கால் ஆபரேஷனுக்கு அவளா பணம் கட்டுவா? அவளுக்குச் சம்பளம் கொண்டு வர்ற புருஷன் இருப்பான், ஊரைக் குதிக்கச் சொல்றா! அவ நம்பரைப் போடு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

வாரன் எண்ணை அழுத்தினான்.

கிளெண்டாவின் கைப்பைக்குள் போன் ஒலித்தது.

"நீ நடத்தற வியாழக்கிழமை வகுப்புல, கேமராவை அணைச்சுட்டு வேற பேர்ல நானும்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றான் வாரன். "இப்போ கேளு அந்த நாலு கேள்வியை."