ஒரு கரண்டி பழைய மாவு

வீட்டில் மாவு புளிக்க வைப்பது குற்றமாகி ஆறு வருடமாகிறது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரியான வடிவுக்கரசிக்கு, அந்த மாவைக் கண்டுபிடித்து, மருந்து ஊற்றி அழிக்கும் வேலை. அன்று, தான் பிறந்த தெருவில், பக்கத்து வீட்டுச் சூசையம்மாளின் மாவுச் சட்டியில் சோதனைக் கருவியை விட்டாள். மாவின் நுண்ணுயிர்கள் யார் கையிலிருந்து வந்தவை என்று திரை காட்டியது: பேச்சியம்மாள், மறைந்தவர்.

வடிவுக்கரசியின் அம்மா.

"உங்கம்மா குடுத்த ஒரு கரண்டி மாவுதாண்டி. தெனமும் மிச்சம் வச்சு, புது மாவுல கலந்துக்கிட்டே வாரேன். ஊத்து உன் மருந்த, படிச்சுக் கிழிச்சவளே!" என்றாள் சூசையம்மாள்.

வடிவுக்கரசி சட்டியை முகர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடிய காலைகளின் அதே புளிப்பு. பாழாய்ப்போன சட்டம்! கையுறையை உருவி எறிந்தாள்.

"தள்ளுங்கத்தே. இன்னைக்கி நான் கரைக்கேன்."

கையை மணிக்கட்டு வரை மாவுக்குள் விட்டாள். அடுத்த சோதனையில் வேலை போகும். திரையில் அம்மா பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருக்கும்.