மன்னிப்புப் பேரம்

“கடைசியா சொல்லுங்கம்மா. எதுல முடிச்சுக்கலாம்?”

ஜவுளிக் கடைக்காரர் எந்தப் பேரத்தையும் கடைசியிலிருந்துதான் தொடங்குவார். தையல்காரி மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒரு நூல்கூடக் குறையாது.”

பேரம் நடந்தது மன்னிப்புக்கு. பள்ளி நாடகத்தில் கடைக்காரரின் மகள் எடுத்துப் போட்ட வீடியோ, ஊரெல்லாம் கைமாறிக்கொண்டிருந்தது. கரடி வேஷம் போட்ட பிள்ளை மேடையிலிருந்து மல்லாக்க விழுந்து, புரட்டிப் போட்ட ஆமைபோல் காலை உதைக்கிறது.

கரடியாக வர வேண்டியவள் வராததால், கடைசி நேரத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டவள் தையல்காரியின் மகள். முகமூடிக்குள் இருந்தது அவள்தான் என்று பிறகு வகுப்பில் தெரிந்ததிலிருந்து அவள் பள்ளிப் பக்கமே போகவில்லை. துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் குனிந்து பித்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“என் பொண்ணு அழிச்சுட்டா. இங்க வந்து மன்னிப்பும் கேட்டுட்டா. வேணும்னா போனைப் பிடுங்கி பீரோவுல பூட்டிடறேன்.”

“கத்தரியால விரலை வெட்டிக்கிட்டா கத்தரியவா ஜெயில்ல போடுவீங்க? விரலுக்கு நிதானம் சொல்லிக் குடுங்க. ஊர் முன்னாடி துப்பிட்டு, நாலு சுவத்துக்குள்ள துடைச்சா சரியாப்போச்சா? போட்ட குரூப்லயே மன்னிப்பு வரணும்.”

“சின்னப் பசங்கம்மா, விளையாட்டுக்குப் பண்ணினது. நீங்களே ஒரு தடவை பாருங்க, அதுல ஒண்ணும்…”

“அந்தக் கண்றாவிய நான் எதுக்குப் பாக்கணும்?” ஊசி நின்றது. “விழறதையே திரும்பத் திரும்ப ஓட்டி, நடுவுல கழுதை கத்துற சத்தம் வேற. இதுவா விளையாட்டு?”

கடைக்காரர் அடுத்த விலைக்கு வாயைத் திறந்தார். கூட வந்திருந்த மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, பேரம் பேசாதீங்க, அசிங்கமா இருக்கு. தப்பு என்னோடது. என் பேரைப் போட்டே குரூப்ல எழுதறேன் அத்தை. எடுக்கறப்ப சிரிப்பா இருந்துச்சு. முகமூடிக்குள்ள ஒருத்தி அழறான்னு தோணவே இல்ல.”

தையல்காரி முகத்தைத் திருப்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கேட்டது கிடைத்ததும் கடையை விட்டு இறங்குகிற ரகமில்லை அவள்.

“நீ மட்டும் கேட்டா போதாது. அதை அடுத்தவங்களுக்கு அனுப்பிச் சிரிச்ச ஒவ்வொருத்தரும் என் பொண்ணு முன்னாடி வந்து நிக்கணும்.”

“நியாயம்தான்,” என்றார் கடைக்காரர், அசலுக்கும் கீழே விற்றுவிட்டவர்போல. “ஆனா அவங்களையெல்லாம் நான் எங்க போய்த் தேடுவேன்?”

மேசைக்குப் பின்னாலிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது.

“எங்கயும் போக வேண்டாம் மாமா. எனக்கு அதை அனுப்பினதே அம்மாதான்.”