இரண்டாவது பூட்டு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காற்று பலமாக அடிக்கிறது. எட்டி உட்கார்ந்தால் பாதிதான் காதில் விழும். ஒரு பூட்டின் கதை சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற பூட்டு. கதையும் அவ்வளவுதான்.

அண்ணாந்து பார்த்தபடி நின்றாள் இவள், நம் கதைப் பிள்ளை.

காற்றாடிக் கோபுரத்தின் வயிற்றுக்குள் ஏணி போகிறது. எண்பது மீட்டர். ஜெர்லினின் பூட்ஸ் கால்கள் சிறுத்துக்கொண்டே போயின.

"ஏட்டி, என் செருப்பப் பாத்துக்கோ. காத்து தூக்கிட்டுப் போயிரும்," என்று சிரித்துவிட்டுத்தான் ஏறினாள்.

இவள் அந்தச் செருப்பைப் பார்த்தாள்.

காவல் நிற்கிறேன். செருப்புக்கு.

ஒரே பாலிடெக்னிக். ஒரே பெஞ்சு. காவல்கிணறு தாண்டி இந்தக் காற்றாலைக்கு, நாற்பத்தைந்து நாள் பயிற்சிக்கு, ஒரே பஸ்ஸில் வந்துபோனவர்கள். இன்று கடைசி நாள். இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை.

மேலே ஏற ஜெர்லினைத்தான் கூப்பிட்டார்கள்.

எப்போதும் அவளைத்தான். ஹெல்மெட்கூட அவள் தலைக்கென்றே வார்த்தது போல உட்காரும். இவளுடையது கண்ணை மறைக்கும். இன்ஜினியர் அகஸ்டின் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இவளை, "இன்னொரு பிள்ளை".

மார்க் இவளுக்குத்தான் கூட. யார் கேட்டார்கள்?

திரும்பியபோதுதான் சுவிட்ச் பெட்டி கண்ணில் பட்டது.

ஒரு பூட்டு தொங்கியது.

ஒன்றே ஒன்று.

மேலே போனது இரண்டு பேர். முன்னால் மூத்த பணியாள் மாடசாமி அண்ணன், பின்னால் ஜெர்லின். ஏறுகிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை இந்தப் பெட்டியில் போட வேண்டும். சாவி அவரவர் பையில். பூட்டு தொங்கும்வரை காற்றாடியை யாரும் ஓட்ட முடியாது. முதல் நாளே ஆளுக்கொரு பூட்டைக் கையில் கொடுத்துச் சொல்லியிருந்தார் அகஸ்டின்: "இதுல விளையாடுனா அன்னைக்கே வீட்டுக்கு."

தொங்கியது மாடசாமி அண்ணன் பூட்டு.

ஏறுவதற்கு முன் ஜெர்லின் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பூட்டு, ஒரு கையில் போன். அண்ணன் மேலிருந்து கூப்பிட்டதும் இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

இவள் இன்னொரு முறை பெட்டியைப் பார்த்தாள். பயத்தில் இல்லை.

'சார், ஜெர்லின் பூட்டுப் போடல.'

நாலு வார்த்தை. வாய்க்குள் போட்டுப் பார்த்தாள். கருப்பட்டி மிட்டாய் மாதிரி இருந்தது.

ஏணி அதிர்ந்தது. இறங்கியது மாடசாமி அண்ணன் மட்டும்.

"அந்தப் பிள்ள மேல துடைச்சிட்டு வருது," என்றார். பழக்க தோஷத்தில் தன் பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பெட்டி மொட்டையாக நின்றது.

வெளியே ஜீப் சத்தம். அகஸ்டின். காற்று வீணாகிறது, சீக்கிரம் ஓட்ட வேண்டும் என்று காலையிலிருந்து பறந்துகொண்டிருந்தவர்.

சொல்லலாம். சொன்னால் ஜெர்லின் உயிருக்கு ஆபத்தில்லை. சொல்வதில் தப்புமில்லை. வேலையும் இவளுக்கு.

எல்லாம் நியாயம்தான். ஆனால் நாக்கில் ஏன் இவ்வளவு தித்திக்கிறது?

கை பைக்குள் போனது.

டக்.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள், கண்ணுகளா. பூட்டுகிறபோதும் இருந்தது.

அகஸ்டின் நேராகப் பெட்டிக்கு வந்தார். கை நீட்டினார். நின்றார். குனிந்து படித்தார்.

"இசக்கிலதா."

முதன்முதலாக அவர் வாயில் இவள் பெயர்.

"மாடசாமி டீ குடிக்கான், எல்லாரும் இறங்கியாச்சுன்னுல்லா நெனைச்சேன். மேல யாரு?"

"ஜெர்லின், சார்."

"ஆளு அவ, பூட்டு உன் பேர்ல. என்ன கூத்தும்மா இது?"

"நான்தான் சார். என் பூட்ட அவகிட்ட மாத்திக் குடுத்துட்டேன்."

எப்படி வந்தது இந்தப் பொய் என்று இவளுக்கே தெரியவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஏட்டி, மேலருந்து கடல் தெரியுதுட்டி!" கடைசி இரண்டு படியை விட்டுக் குதித்தாள் ஜெர்லின். முகமெல்லாம் கிரீஸ். முகமெல்லாம் சிரிப்பு.

"கடல் இருக்கட்டும்," என்றார் அகஸ்டின். "உனக்கு இவ மாத்திக் குடுத்த பூட்டப் பாரு. பேரப் பாத்துப் போட மாட்டியா?"

ஜெர்லின் பெட்டியைப் பார்த்தாள். பூட்டை. பூட்டில் இருந்த பெயரை.

சிரிப்பு நின்றது.

இவளைப் பார்த்தாள். இவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகஸ்டின் புகார்த் தாளை விரித்து இவள் பெயரை எழுதத் தொடங்கினார்.

ஜெர்லினின் கை மெல்ல, தன் பூட்டு கிடந்த பைக்குள் போனது.

இன்னும் வெளியே வரவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் உயர ஏறுகிற பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாக இறங்கி வரட்டும். கீழே நிற்கிற பிள்ளையையும் யாராவது பேர் சொல்லிக் கூப்பிடட்டும்.