தண்ணீரக்காவின் அண்டா

கற்கண்டு காய்ச்சும் அடுப்பில் ஒரு பித்தளை அண்டா. அதற்குள் குடியிருந்த தண்ணீரக்காவுக்கு யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அடுப்பு எரிய எரிய அவளுக்கு மனசு விரிந்துகொண்டே போகும். எட்டிப் பார்த்த சர்க்கரையை எல்லாம், "இடம் இருக்கு, வாங்க வாங்க!" என்று ஒருத்தர் விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அடியே, அடுப்பை அணைச்சா என்ன பண்ணுவே?" என்றது அண்டா.

"அப்போ பாத்துக்கலாம்."

அடுப்பை அணைத்தார்கள். அவள் ஆற ஆற உள்ளே ஒரே நெருக்கடி. மூச்சு முட்டியது. ஆனாலும் வந்தவர்களைப் போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதைக் கவனித்த ஒரு சின்னச் சர்க்கரை, அண்டாவுக்குள் தொங்கவிட்டிருந்த நூலை எட்டிப் பிடித்தது. "அக்கா, எனக்கு இங்கேதான் வசதியா இருக்கு" என்று பொய் சொன்னது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு வேறொன்று வந்தது. கடைசியில் நூல் முழுக்கக் கற்கண்டு பளபளத்தது. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கற்கண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். மீதிச் சர்க்கரை அவளோடேயே தங்கிவிட்டது.

"இனிமேலாவது புத்தியா இரு" என்றது அண்டா.

"சரி" என்றாள்.

மறுபடி அடுப்பு மூட்டினார்கள். அவளுக்கு இன்னும் சரியாகச் சூடுகூட ஏறவில்லை. அதற்குள் விளிம்பில் புதுச் சர்க்கரை வந்து தயங்கி நின்றது.

தண்ணீரக்கா உள்ளே திரும்பிச் சொன்னாள்: "கொஞ்சம் ஒட்டி உட்காருங்கப்பா, ஆள் வந்திருக்காங்க."